பழைய காடிக் கடைக்கு மலிவு விலையில் டீட்டெய்லிங்: ஒப்புக்கொள்ளலாமா?

சிப்புட்_நுரை எழுதியது:

வணக்கம். பேராக், சுங்கை சிப்புட்டில் சின்னதாக ஒரு காடி டீட்டெய்லிங் கடை, அதாவது காரை உள்ளும் புறமும் முழுசாகச் சுத்தம் செய்து மெருகேற்றும் கடை, வைத்திருக்கிறேன். இரண்டு காடி நிற்கும் கொட்டகை, நான், சம்பளத்துக்கு ஒரு தம்பி, அவ்வளவுதான். வாடிக்கையாளர்கள் பெரும்பாலும் பள்ளி ஆசிரியர்கள், தோட்ட ஆபீசில் வேலை செய்பவர்கள், அப்புறம் கோலாலம்பூரிலிருந்து வார இறுதிக்கு அம்மா அப்பாவைப் பார்க்க வரும் பிள்ளைகள். சனி, ஞாயிறு மூச்சுவிட நேரம் இருக்காது. செவ்வாய், புதன் ஈ ஓட்டுகிறோம்.

போன வாரம் பெரிய ரோட்டில் பழைய காடி விற்கும் கடையின் தவுக்கே (முதலாளி) நேரில் வந்தார். மாதம் 12 காடிக்குக் குறையாமல் தருகிறாராம். உள்ளே வெளியே முழுசாக, பாலிஷும் சேர்த்து, ஒரு காடிக்கு 130 வெள்ளி (ரிங்கிட்). பணம் மாதக் கடைசியில். இதே வேலைக்கு வெளியாட்களிடம் நான் 380 வாங்குகிறேன். பேரம் பேசினேன். "வேலை நிறைய வரும் தம்பி, காடி காடியாகக் கணக்கு பார்க்காதே" என்று தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

ஒப்புக்கொள்ளலாமா? எத்தனை விழுக்காடு கழிவு கொடுத்தால் நியாயம்? ஏற்கெனவே டீலர் வேலை செய்பவர்கள் சொல்லுங்கள்.

*

பால்மரத்துப்_பையன் எழுதியது:

கணக்கு பார்க்காதே என்கிறாரா? சரி, கணக்கு அக்கா வரட்டும். அதுவரை யாரும் எதிலும் கையெழுத்துப் போட வேண்டாம்.

*

ஈப்போ_மெருகு எழுதியது:

தம்பி, விழுக்காட்டை அப்புறம் பார்ப்போம். அந்த 380 வெள்ளிக்கு என்னென்ன செய்கிறீர்கள், இரண்டு பேரும் எத்தனை மணி நேரம் நிற்கிறீர்கள், அதை முதலில் எழுதுங்கள்.

*

சிப்புட்_நுரை எழுதியது:

நுரை போட்டு இரண்டு வாளிக் கழுவல். இரும்புத்தூள் எடுக்கும் மருந்து, தார் எடுக்கும் மருந்து, ஒட்டிய அழுக்கை உருவ கிளே பார் (களிமண் கட்டி). பிறகு டிஏ (இரட்டைச் சுழற்சி) மெஷினில் ஒரு சுற்று பாலிஷ், மேலே சீலண்ட் (பாதுகாப்புப் பூச்சு). உள்ளே வேக்கும், சீட்டும் கார்ப்பெட்டும் எக்ஸ்ட்ராக்டரில் (தண்ணீர் தெளித்து அழுக்கை உறிஞ்சும் மெஷின்), டேஷ்போர்டு, கதவு இடுக்கு, கண்ணாடி. எஞ்சின் பக்கம் மேலோட்டமாக. இரண்டு பேர் சேர்ந்து ஆறு மணி நேரம். தோட்டத்துக்குள் ஓடிய காடி என்றால் இன்னும் இழுக்கும். அந்தச் செம்மண் கார்ப்பெட்டின் வேர் வரைக்கும் இறங்கி உட்கார்ந்திருக்கும். எத்தனை முறை உறிஞ்சினாலும் எக்ஸ்ட்ராக்டரில் டீ கலரில்தான் தண்ணீர் வருகிறது.

*

கணக்கு_அக்கா எழுதியது:

வந்துவிட்டேன். பென்சிலை எடுங்கள்.

இரண்டு பேர், ஆறு மணி நேரம். ஆக 12 மணி நேர வேலை. உங்கள் உழைப்புக்கும் சேர்த்து வெறும் குறைந்தபட்ச சம்பளத்தையே போடுகிறேன். மாதம் 1,700 வெள்ளியை 26 நாளுக்கும் நாளுக்கு எட்டு மணி நேரத்துக்கும் வகுத்தால் மணிக்கு 8.17. பன்னிரண்டால் பெருக்கினால் 98 வெள்ளி. முதலாளி பங்கு இபிஎஃப் (சேமநிதி) 13 விழுக்காடு, அது 12.75. சொக்சோ (சமூகப் பாதுகாப்புச் சந்தா) ஏறக்குறைய 1.70. மருந்து, துணி, பேட் தேய்மானம் 18 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். செம்மண் காடிக்கு அதுவும் பத்தாது.

கூட்டினால் 130.45 வருகிறது. தவுக்கே தருவது 130.

கடை வாடகை, தண்ணீர், மின்சாரம், மெஷின் தேய்மானம் எதையும் நான் இன்னும் தொடவே இல்லை. வாடகைக்கு முன்பே 45 சென் கைவிட்டுப் போகிறது. அவர் ஏன் தோளைத் தட்டினார் என்று புரிகிறதா?

*

ரவாங்_ரோட்டரி எழுதியது:

அக்கா, கணக்கு சரி, ஆனால் ஒன்றை விட்டுவிட்டீர்கள். அந்தத் தம்பிக்கு மாதச் சம்பளம். செவ்வாய்க்கிழமை அவன் போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாலும் சம்பளம் போகத்தான் போகிறது. வாடகையும் அப்படித்தான். சும்மா கிடக்கும் நாளில் ஒரு டீலர் காடி வந்தால் கூடுதலாக ஆகும் செலவு மருந்தும் மின்சாரமும்தான். 25 வெள்ளி போனாலும் 105 கையில் நிற்கும். வேலையே இல்லாமல் இருப்பதற்கு இது மேல்.

*

கணக்கு_அக்கா எழுதியது:

ரவாங், நீங்கள் சொல்வது உண்மைதான், ஆனால் சும்மா கிடக்கும் நேரம் வரைக்கும்தான் உண்மை. மாதம் 12 காடி, ஆளுக்கு 72 மணி நேரம். வாரத்தில் இரண்டு நாள் முழுசாகப் போய்விடும், மழை பெய்தால் மூன்று. தவுக்கே வெள்ளிக்கிழமை மாலை போன் போட்டு "நாளைக் காலை ஆள் பார்க்க வருகிறார்கள், எப்படியாவது முடித்துக் கொடு" என்பார். அன்றைக்கு 380 வெள்ளி கொடுக்கும் ஆசிரியரைத் திருப்பி அனுப்ப வேண்டி வரும். அப்போது அந்த டீலர் காடியின் உண்மையான செலவு 380. சும்மா கிடக்கும் நேரத்தை மலிவாக விற்கலாம், தப்பில்லை. ஆனால் எந்த நேரம் மலிவு என்பதை விற்பவர்தான் சொல்ல வேண்டும், வாங்குபவர் இல்லை.

*

ரவாங்_ரோட்டரி எழுதியது:

சரி, வார நாள் மட்டும் என்று எழுதி வாங்கினால் என் கணக்கு நிற்கும் இல்லையா? அதுவரைக்கும் ஒத்துக்கொள்ளுங்கள்.

*

கணக்கு_அக்கா எழுதியது:

அதுவரைக்கும் ஒத்துக்கொள்கிறேன். எழுதி வாங்கினால்.

*

கமிஷன்காரன் எழுதியது:

நான் பல வருடம் பழைய காடி விற்ற ஆள், இப்போது வேறு தொழில். தவுக்கே பக்கத்தையும் கேளுங்கள்.

ஒரு பழைய மைவி காடியில் எல்லாம் போக 2,500 வெள்ளி நிற்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள்தான் டயர், பேட்டரி, புஸ்பாகோம் (வாகனப் பரிசோதனை நிலையம்) சோதனை, பம்பருக்கு ஸ்ப்ரே, விற்பவனுக்குக் கமிஷன், காடி யார்டில் நிற்கும் நாளுக்கெல்லாம் வட்டி. டீட்டெய்லிங் அந்த வரிசையில் கடைசி. அதனால்தான் எல்லா டீலரும் அங்கே கையை இறுக்குகிறார்கள். உங்கள் மேல் கோபம் இல்லை.

இன்னொன்று. அவருக்கு வேண்டியது படம். முடா, கார்லிஸ்ட் மாதிரி இணைய விற்பனைத் தளத்தில் போடும் இருபது படம். அப்புறம் ஆள் வந்து கதவைத் திறக்கும்போது வாடை அடிக்கக்கூடாது, ஸ்டீயரிங் பிசுபிசுக்கக்கூடாது, ஹெட்லைட் மஞ்சளாக இருக்கக்கூடாது. கிளே பார் போட்டீர்களா, எத்தனை சுற்று பாலிஷ் என்று தவுக்கே வாழ்நாளில் கேட்க மாட்டார். நீங்கள் ஆறு மணி நேரம் செய்யும் வேலையில் பாதி அவர் கண்ணுக்கே தெரியாது. தெரியாத வேலைக்கு அவர் ஏன் காசு கொடுக்க வேண்டும்? நீங்களும் ஏன் செய்ய வேண்டும்?

*

ஈப்போ_மெருகு எழுதியது:

கமிஷன்காரர் நான் சொல்ல வந்ததைப் பாதி சொல்லிவிட்டார்.

விலையைக் குறைக்காதீர்கள் தம்பி, வேலையைக் குறையுங்கள். 380 வெள்ளி வேலையை 130க்குக் கொடுத்தால் உங்கள் வேலையின் விலையே 130 என்று ஊர் முடிவு கட்டும். சுங்கை சிப்புட் எவ்வளவு பெரிய ஊர்? தவுக்கே கடைப் பையன் தன் மாமாவிடம் சொல்வான், மாமா டீக்கடையில் சொல்வார். அடுத்த வாரம் ஆசிரியர் வந்து "எனக்கு மட்டும் ஏன் 380?" என்பார். பதில் சொல்ல முடியாது. டீலருக்குத் தனி வேலை, தனிப் பெயர், தனி விலை என்று இருந்தால் பதில் இருக்கிறது.

ஈப்போவில் நான் செய்வது இதுதான். டீலர் காடிக்கு இரண்டரை மணி நேரம், இரண்டு பேர். கழுவல், தார்ப் புள்ளி, டயர், கண்ணாடி. பாலிஷுக்குப் பதில் கையால் ஒரு கிளீனர் வேக்ஸ். உள்ளே வேக்கும், பிளாஸ்டிக், கறை இருக்கும் சீட் மட்டும் எக்ஸ்ட்ராக்டரில். கதவைத் திறந்ததும் தெரியும் விளிம்பு, ஓட்டுநர் பக்கத்து மிதியடி, ஸ்டீயரிங், கியர். கை படும் இடம், கண் படும் இடம், அவ்வளவுதான். விலை 90.

ஹெட்லைட் தனி. 800, 1500, 2000 மணல்தாள், பிறகு பாலிஷ், மேலே யூவி பூச்சு. ஜோடி 50. யூவி பூச்சு போடாமல் பளபளப்பு மட்டும் காட்டிக் கொடுத்தால் நம் வெயிலுக்குச் சில மாதத்தில் மறுபடி மஞ்சள். வாடை எடுப்பது தனி. மெஷின் பாலிஷ் தனி. 15,000 வெள்ளி சாகாவுக்கு மெஷின் பாலிஷ் யாரும் கேட்பதில்லை. 80,000 வெள்ளி எக்ஸ்50க்குக் கேட்பார்கள், அப்போது 380ல் 15 விழுக்காடு கழித்துக் கொடுப்பேன். அதற்கு மேல் இல்லை.

*

கணக்கு_அக்கா எழுதியது:

90ஐயும் போட்டுப் பார்த்தேன். ஐந்து மணி நேர உழைப்பு 40.85, இபிஎஃப் சொக்சோ சேர்த்து 6 வெள்ளி, மருந்து 10. ஆக 57. காடிக்கு 33 நிற்கிறது. அதே ஆறு மணி நேரத்தில் இரண்டு காடி முடியும், 66. வாடகைக்கு ஏதாவது வரும். விலை குறைவுதான், ஆனால் இதில் உயிர் இருக்கிறது.

*

பால்மரத்துப்_பையன் எழுதியது:

130ல் நஷ்டம், 90ல் லாபம். பள்ளிக்கூடத்தில் இப்படிக் கணக்கு சொல்லிக் கொடுத்திருந்தால் நானும் பாஸாகியிருப்பேன்.

*

ரவாங்_ரோட்டரி எழுதியது:

கையால் வேக்ஸ் போட்டு என்ன ஆகப்போகிறது? பழைய காடியில் சுழல் கீறல் வெயிலில் சிலந்திவலை மாதிரி தெரியும். கிளேஸ் அடித்தால் ஒரு மணி நேரத்தில் மறைந்துவிடும். ரோட்டரி மெஷின், மெல்லிய பேட், கிளேஸ். டீலருக்கும் சந்தோஷம்.

*

ஈப்போ_மெருகு எழுதியது:

மறையும். நாலைந்து கழுவலில் திரும்பி வரும். கிளேஸில் இருக்கும் எண்ணெயும் நிரப்பியும் கீறலை மூடுகின்றன, எடுப்பதில்லை. பெரிய ஊரில் அந்தக் காடி யாரிடமோ போய்விடும். சுங்கை சிப்புட்டில் அதை வாங்குவது பக்கத்துத் தாமான் (குடியிருப்பு) ஆள். இரண்டு மாதம் கழித்து உங்கள் கொட்டகைக்கே வந்து "உங்கள் கடையில் பாலிஷ் போட்ட காடியாம், இப்படி ஆகிவிட்டது" என்பார். டீலர் மறைக்கச் சொன்னார் என்று அப்போது சொல்ல முடியுமா?

கிளேஸே போடக்கூடாது என்று நான் சொல்லவில்லை. போட்டால் பில்லில் "கிளேஸ், தற்காலிகம்" என்று எழுதுங்கள். பாலிஷ் என்று எழுதாதீர்கள்.

*

ஸ்ப்ரே_கை எழுதியது:

நான் பெயிண்ட் அடிக்கும் பட்டறைக்காரன். டீலர் காடி நேராக என்னிடமிருந்துதான் உங்களிடம் வரும். அதனால் ஒரு எச்சரிக்கை.

பழைய காடியில் எந்தப் பலகை கம்பெனி பெயிண்ட், எது என் கை பட்டது என்று பார்த்தால் தெரியாது. கம்பெனி பெயிண்ட் பொதுவாக 100லிருந்து 150 மைக்ரான் இருக்கும். அதில் மேலே இருக்கும் கிளியர் கோட் 40, 50தான், தலைமயிரைவிட மெல்லியது. யாராவது ஏற்கெனவே இரண்டு முறை காம்பவுண்ட் போட்டுத் தேய்த்திருந்தால் உங்கள் ரோட்டரி மெஷின் போனட் விளிம்பில் ஒரு நொடி அதிகம் நின்றாலே அடிப் பெயிண்ட் தெரிந்துவிடும். அப்போது தவுக்கே சொல்வார், "காடி நல்லா இருந்துச்சு, நீதான் கெடுத்தே." பெயிண்ட் அளக்கும் மீட்டர் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். 300க்கு மேல் காட்டினால் மறுபடி அடித்தது. 1,000ஐத் தாண்டினால் கீழே புட்டி இருக்கிறது.

புதிதாக ஸ்ப்ரே அடித்த பலகைக்கு உடனே வேக்ஸோ கோட்டிங்கோ போடாதீர்கள். உள்ளே தின்னர் இன்னும் வெளியேறிக்கொண்டிருக்கும். மூடினால் மங்கும், சில நேரம் கொப்புளம் வரும். எந்தப் பலகை எப்போது அடித்தது என்று டீலரைக் கேளுங்கள். சொல்லாவிட்டால் என்னை மாதிரி ஆளைக் கேளுங்கள், நாங்கள் சொல்லிவிடுவோம்.

காடியை வாங்கும்போதே சுற்றி வந்து வீடியோ எடுத்து அவருக்குப் புலனத்தில் (வாட்ஸ்அப்) அனுப்பிவிடுங்கள். கீறல், உடைந்த கிளிப், எரியும் எச்சரிக்கை விளக்கு எல்லாம் தெரிய வேண்டும். ஏர்பேக் விளக்கை முக்கியமாகப் பாருங்கள். சீட்டுக்கு அடியில் மஞ்சள் பிளக் இருக்கும், அது ஏர்பேக்குடையது. எக்ஸ்ட்ராக்டர் தண்ணீர் அதில் இறங்கினால் விளக்கு எரிய ஆரம்பித்துவிடும். அது ஏற்கெனவே எரிந்ததா, நீங்கள் எரிய வைத்தீர்களா என்பது உங்கள் வீடியோவில்தான் இருக்கும்.

*

லூனாஸ்காரன் எழுதியது:

எல்லோரும் வேலையைப் பற்றியே பேசுகிறீர்கள். பணம்? மாதக் கடைசியில் தருகிறேன் என்றால் எந்த மாதம் என்று கேளுங்கள்.

எங்கள் பக்கத்தில் ஒரு கடைக்கு நான் வேலை செய்தேன், பெயர் வேண்டாம். முதல் மாதம் தேதிக்குப் பணம் வந்தது. இரண்டாவது மாதம் பாதி. மூன்றாவது மாதம் "லோன் இன்னும் பாஸாகவில்லை, காடி போனதும் தருகிறேன்". அவர் காடி விற்பதற்கும் என் கூலிக்கும் என்ன சம்பந்தம்? ஆனால் அதற்குள் மாட்டிக்கொண்டேன். நிறுத்தினால் பழைய பாக்கி வராது, தொடர்ந்தால் பாக்கி ஏறும். கடைசியில் அவர் கடையின் பெயரை மாற்றிக்கொண்டார், நான் போன் நம்பரை மாற்றாமல் இருந்ததுதான் மிச்சம்.

*

கணக்கு_அக்கா எழுதியது:

லூனாஸ் சொன்னதில் ஒரு பாடம் இருக்கிறது, அதை எண்ணாகவே சொல்கிறேன். 5,000 வெள்ளி.

மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் சிறு உரிமைகோரல் வழக்கு 5,000 வெள்ளி வரைக்கும்தான் போட முடியும். வக்கீல் வேண்டாம், படிவம் 198 நிரப்பி நீங்களே போடலாம். ஆனால் வழக்குப் போடுபவர் தனிநபராக இருக்க வேண்டும், சென்டிரியான் பெர்ஹாட் (தனியார் கம்பெனி) போட முடியாது. பாக்கி அதைத் தாண்டினால் வக்கீல் செலவு ஆரம்பித்துவிடும். சிலர் பயனீட்டாளர் தீர்ப்பாயத்துக்குப் போகலாம் என்பார்கள். அங்கே 50,000 வரை வழக்கு எடுப்பார்கள்தான், ஆனால் அது சொந்த உபயோகத்துக்குப் பொருளும் சேவையும் வாங்கியவர்களுக்கு. கடைக்காரர் கடைக்காரர் மேல் அங்கே போக முடியாது.

நீங்களோ 5,000க்குப் பக்கத்திலேயே போகக்கூடாது. வாரம் ஒரு பில், காடி நம்பரோடு. பாக்கி 1,000 வெள்ளியைத் தொட்டால் அடுத்த காடியைத் தொடாதீர்கள். கழிவு வேண்டுமென்றால் அதை இங்கே கொடுங்கள். காடியை எடுக்கும்போதே பணம் கொடுத்தால் 90, வாரக் கடைசி என்றால் 100. சீக்கிரம் பணம் கொடுத்து, அவர் கேட்கும் கழிவை அவரே சம்பாதித்துக்கொள்ளட்டும்.

*

கமிஷன்காரன் எழுதியது:

இன்னொரு விஷயம், யாரும் சொல்லவில்லை. யார்டில் நிற்கும் காடி பாதிக்கு ரோட் டேக்ஸும் இன்சூரன்சும் முடிந்திருக்கும். உங்கள் தம்பி அதை எடுத்துக்கொண்டு பெரிய ரோட்டில் இரண்டு கிலோமீட்டர் ஓட்டி வந்தால் இன்சூரன்ஸ் இல்லாமல் ஓட்டியதாகத்தான் ஆகும். 1987ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டத்தில் மூன்றாம் தரப்பு இன்சூரன்ஸ் கட்டாயம். வழியில் மோட்டார் சைக்கிள் ஒன்று உரசினால் போதும், 90 வெள்ளி வேலைக்கு ஆயுசு முழுக்கக் கட்டுவீர்கள்.

காடியை அவர் கொண்டுவந்து விட வேண்டும், அவரே எடுத்துப் போக வேண்டும். இல்லாவிட்டால் நீங்கள் அவர் யார்டுக்குப் போய் வேலை செய்யுங்கள்.

*

ஈப்போ_மெருகு எழுதியது:

யார்டிலேயே செய்வதுதான் நல்லது. தண்ணீரும் மின்சாரமும் அவருடையது, அதுவும் உங்களுக்கு ஒரு வரவு. ஆனால் நிழல் இருக்கிறதா பாருங்கள். சூடான போனட்டில் இரும்புத்தூள் மருந்து காய்ந்தால் கறை விடும். தண்ணீரையும் பாருங்கள். சுற்றிலும் சுண்ணாம்பு மலை. கிணற்றுத் தண்ணீரில் கழுவி வெயிலில் விட்டால் வெள்ளைப் புள்ளி உட்கார்ந்துகொள்ளும், அதை எடுக்கத் தனி வேலை.

*

பால்மரத்துப்_பையன் எழுதியது:

ஒட்டுப்பால் (உறைந்த ரப்பர் பால்) ஏற்றிய காடிக்கு என்ன விலை? யாரும் சொல்லவில்லையே.

*

சிப்புட்_நுரை எழுதியது:

அதைக் கேட்காதே பையா, போன மாதம்தான் ஒன்று வந்தது. சொந்தமாகக் கொஞ்சம் பால்மரம் (ரப்பர் மரம்) வைத்திருப்பவரின் வாஜா காடி. சாக்கில் ஒட்டுப்பால் கட்டி பூட்டில் (பின்பக்கச் சாமான் அறையில்) போட்டு வருடக்கணக்கில் ஓட்டியிருக்கிறார். பூட் கார்ப்பெட்டைத் தூக்கினேன், ஸ்பேர் டயரைத் தூக்கினேன், அடியில் கறுப்பாக ஒரு விரற்கடை தண்ணீர். கெட்டுப்போன பாலின் வாடையும் ஆசிட் வாடையும் கலந்து அப்படியே முகத்தில் அடித்தது. பள்ளத்தில் தகரமே துருப்பிடித்துப் பொரிந்திருந்தது. தம்பி அன்று மத்தியானம் சாப்பிடவில்லை.

*

ஈப்போ_மெருகு எழுதியது:

ஒட்டுப்பாலுக்கு ஓசோன் மெஷினை மட்டும் நம்பாதீர்கள். மூலம் உள்ளே இருக்கும்வரை வாடை மூன்றாம் நாள் திரும்பி வரும். கார்ப்பெட்டையும் அடியில் இருக்கும் பஞ்சையும் கழற்றிக் கழுவி நல்ல வெயிலில் காயவிட வேண்டும், பள்ளத்தைக் கழுவித் துருவுக்கு ஏதாவது அடிக்க வேண்டும், என்சைம் மருந்து தெளிக்க வேண்டும், கடைசியில்தான் ஓசோன். ஓசோன் ஓடும்போது யாரும் உள்ளே இருக்கக்கூடாது, முடிந்ததும் கதவைத் திறந்து நன்றாகக் காற்றோட விடுங்கள். நீண்ட நேரம் ஓடவிட்டால் ரப்பர் பீடிங்கும் வெடிக்கும். டீலர் காடியில் வாடை என்றால் பார்த்துவிட்டுத்தான் விலை சொல்வேன் என்று முதலிலேயே எழுதிவிடுங்கள். டுரியான் பருவத்துக்கும் அதே விதி.

*

பால்மரத்துப்_பையன் எழுதியது:

டேஷ்போர்டில் ஒட்டிய பிள்ளையாரை என்ன செய்வீர்கள்? விற்றவர் விட்டுவிட்டுப் போயிருப்பார். வாங்குபவர் யார் என்று தெரியாது.

*

ஸ்ப்ரே_கை எழுதியது:

எங்கள் பட்டறையில் ஒரு அலமாரி முழுக்கப் பிள்ளையார், முருகன், மாதா, எல்லோரும் ஒன்றாக இருக்கிறார்கள். நிறைந்ததும் கோவிலுக்கும் சர்ச்சுக்கும் கொண்டுபோய்க் கொடுத்துவிடுவோம். எடுக்கும்போது இழுக்காதீர்கள், டேஷ்போர்டு தோல் சேர்ந்து வரும். ஹேர் டிரையரால் சூடு காட்டி, தூண்டில் நரம்பை அடியில் விட்டு அறுங்கள். மிச்சப் பசைக்குத் தார் மருந்தைத் துணியில் தொட்டு.

*

லூனாஸ்காரன் எழுதியது:

வெள்ளக் காடி வந்தால்? 2021 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு சிலாங்கூரிலிருந்து எத்தனை காடி வடக்கே வந்தது என்று நமக்குத் தெரியாதா?

*

ரவாங்_ரோட்டரி எழுதியது:

கழுவுவது நம் வேலை. காடி எங்கே மூழ்கியது என்று விசாரிப்பது புஸ்பாகோம் வேலை, வாங்குபவர் வேலை. சீட்டில் சேறு இருந்தால் சேற்றை எடுப்பேன். ஆஸ்பத்திரியில் தரை துடைப்பவரிடம் நோய் என்ன என்று கேட்பீர்களா?

*

ஈப்போ_மெருகு எழுதியது:

ரவாங், நாம் தரை துடைக்கவில்லை, தடயத்தைத் துடைக்கிறோம். சீட் பெல்ட்டைக் கடைசி வரைக்கும் இழுத்தால் சேற்றுக் கோடு தெரியும். சீட் தண்டவாளத்தில் துரு, கார்ப்பெட்டுக்கு அடியில் வண்டல். இவை மூன்றையும் பார்த்துத்தான் வாங்குபவர் கண்டுபிடிக்க முடியும். மூன்றையும் சுத்தம் செய்யத் தெரிந்த ஒரே ஆள் நாம்தான். சாதாரண அழுக்குக்கும் இதற்கும் வித்தியாசம் உண்டு.

பொருளைப் பற்றிப் பொய்யாகக் காட்டி விற்பது 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டப்படி டீலர் தலையில் விழும், உண்மைதான். ஆனால் வாங்கியவர் தீர்ப்பாயத்துக்குப் போனால் "இந்தக் காடியை யார் சுத்தம் செய்தார்கள்" என்று கேள்வி வரும். உங்கள் பில் அங்கே இருக்கும். நான் வெள்ளக் காடி எடுப்பதில்லை.

*

ரவாங்_ரோட்டரி எழுதியது:

நான் எடுப்பேன், ஆனால் பில்லில் "கார்ப்பெட் அடியில் வண்டல் எடுக்கப்பட்டது" என்று எழுதுவேன். சொன்னதும் செய்ததும் ஒன்றாக இருந்தால் எனக்குப் பயம் இல்லை. இதில் நாம் ஒத்துப்போகப் போவதில்லை அண்ணே, விடுங்கள்.

*

சிப்புட்_நுரை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. நேற்று தவுக்கேயைப் பார்த்துவிட்டு வந்தேன். அக்காவின் கணக்கை ஒரு தாளில் எழுதிக்கொண்டுதான் போனேன். அதைக் காட்ட வேண்டிய தேவையே வரவில்லை. 130க்குப் பதில் 90 என்றதும் அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். விலை குறைந்ததில் சந்தோஷம், என்ன குறைந்தது என்று அவர் கேட்கவே இல்லை. நானாகத்தான் ஒவ்வொன்றாகச் சொன்னேன். பாலிஷ் இல்லை என்றதும் "படத்தில் தெரியுமா?" என்று மட்டும் கேட்டார். கமிஷன்காரர் அண்ணே, உங்களை நினைத்துக்கொண்டேன்.

முடிவானது இது. செவ்வாய், புதன் மட்டும், அவர் யார்டில், அவர் தண்ணீர், அவர் மின்சாரம். பின்பக்கம் தகரக் கூரை இருக்கிறது, மூன்று காடி நிழலில் நிற்கும். தண்ணீர் குழாய்த் தண்ணீர்தான். அன்றைக்கே பணம் என்றால் 90, வாரக் கடைசி என்றால் 100. ஹெட்லைட், வாடை, மெஷின் பாலிஷ் தனி. சனி, ஞாயிறு அவசரம் என்றால் வெளியாள் விலை. இதில் கொஞ்சம் முகம் சுளித்தார், ஆனால் ஒத்துக்கொண்டார். மாதம் 12 காடி என்ற உத்தரவாதம் மட்டும் வரவில்லை. "வந்தால் தருகிறேன்" என்றார். நானும் அதற்காகப் புது மெஷின் எதுவும் வாங்கப்போவதில்லை.

*

ஈப்போ_மெருகு எழுதியது:

நல்லது. வெள்ளக் காடி பற்றிப் பேசினீர்களா?

*

சிப்புட்_நுரை எழுதியது:

பேசினேன் அண்ணே. எடுக்க மாட்டேன் என்றேன். தன் கடையில் அப்படிக் காடியே கிடையாது என்றார். சரி, இல்லாத காடியைத் தொட மாட்டேன் என்று தாளில் எழுதுவதில் உங்களுக்கு நஷ்டம் இல்லையே என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

*

லூனாஸ்காரன் எழுதியது:

தம்பி, அந்தத் தாளைப் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் முதல் வாரப் பணம் எப்படி வந்தது என்று இங்கே எழுதுங்கள்.

*

பால்மரத்துப்_பையன் எழுதியது:

சிப்புட் அண்ணே, செவ்வாய்க்கிழமை எனக்கும் வேலை இல்லை. மணிக்கு 8.17 கொடுப்பீர்களா? இபிஎஃப் சொக்சோவோடு கேட்கிறேன், அக்கா பார்த்துக்கொண்டிருக்கிறார்.

*

சிப்புட்_நுரை எழுதியது:

காலை எட்டு மணிக்கு யார்டுக்கு வா. ஒட்டுப்பால் காடி வந்தால் பூட் உனக்கு.